கருவிக்குப் பின்னால் நிற்பவர் யார்?

முள்ளிவாய்க்காலில் ஒரு வீட்டின் ரவுட்டர் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது டவர். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இந்த மணல் நிலத்தில் பல வீடுகளுக்கு இணையம் வயர் வழியாக வருவதில்லை. சிம் போட்ட 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கி, அதைக் கையில் பிடித்தபடி வீடு முழுக்க நடந்து, எந்த யன்னலடியில் கவறேஜ் கோடுகள் கூட எழும்புகின்றன என்று பார்த்து அங்கேயே ஆணியடித்து வைத்துவிடுவார்கள். முல்லைத்தீவுப் பக்கத்து டவர் என்றால் தெற்கு யன்னல், புதுக்குடியிருப்புப் பக்கம் என்றால் மேற்கு யன்னல். டவருக்கு அது நல்ல இடம். வீட்டுக்கு அது ஓரம். அங்கிருந்து புறப்படும் வைஃபையில் பெரும்பங்கு வேலிக்கு அப்பால் போய் விழுகிறது.

போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்தின் பின் வன்னியில் எழுந்த வீடுகளில் பல, சனம் 'இந்தியன் வீட்டுத்திட்டம்' என்று சொல்லும் திட்டத்தில் கட்டியவை. 2012 ஒக்டோபர் 2இல் தொடங்கிய கட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் இலங்கை ரூபாய் கொடுத்தார்கள். வீட்டின் அளவு 550 சதுர அடி. அந்த வீட்டுக்குள் வைஃபை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்ச் சேர்வதில் சிரமமில்லை. ஆனால் இங்கே குடும்பம் என்பது வளவு முழுக்கப் பரந்திருப்பது. பின்பக்கம் குசினி. வீடு எழும்பும்வரை எல்லோரும் தங்கியிருந்த தகரக் கொட்டில் இப்போது பிள்ளை படிக்கும் இடம். படலையடியில் சின்னக் கடை. அடுத்த துண்டுக் காணியில் கலியாணம் கட்டிய மகளின் வீடு. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, பாடம் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வரத் தொடங்கியபோது, வளவுக்குள் எந்த அடியில் சிக்னல் உண்டு, எந்த அடியில் இல்லை என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

அந்த அடிகளை வகுப்பது எது? வெறும் தூரமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டு வைஃபை 2.4 கிகாஹேர்ட்ஸில் இயங்கும்போது அலையின் நீளம் பன்னிரண்டரை சென்ரிமீற்றர். 100 மில்லிவாட் வலுவோடு அது புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் வலு நான்கில் ஒன்றாகும். 40 மீற்றரில் போனுக்கு வந்து சேர்வது ஒரு வாட்டை நூறு கோடி பங்காக்கி அதில் ஆறு பங்கு. கேட்பதற்கு ஒன்றுமேயில்லாத அளவு. ஆனால் பொறியியலாளர்கள் இதைச் சைபருக்குக் கீழே 52 டெசிபல் மில்லிவாட் என்று எழுதுவார்கள், அது போனுக்குத் தாராளம். வீடியோ தடங்காமல் ஓட 67 வரை இறங்கலாம். 80ஐத் தாண்டி இறங்கும்போதுதான் தொடர்பு அறுந்து அறுந்து வரும். ஆகவே வளவின் நீளம் குற்றவாளி அல்ல. இடையில் நிற்பவைதான் கேள்வி.

சீமெந்துக் கல் சுவர் ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்து டெசிபல் வரை, சில வேளை அதற்கு மேலும், பிடித்துக்கொள்ளும். மூன்று டெசிபல் குறைந்தாலே வலு பாதி என்பதை நினைத்தால் இரண்டு சுவர் என்ன செய்யும் என்பது விளங்கும். மாரியில் சுவர் நனைந்திருக்கும். வாழையும் முருங்கையும் தழைத்து ஈரமாய் நிற்கும். நீர் இந்த அலைகளை உறிஞ்சும். கோடையில் குசினிவரை வந்த சிக்னல் மார்கழியில் வராமல் போவதற்கு ரவுட்டர் பழுதாகியிருக்கத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் வலியது தகரம். உலோகத்துக்குள் இந்த அலையால் நுழைய முடியாது. தகரத்தின் மேல் பூசியிருக்கும் துத்தநாகத்துக்குள் ஒரு மில்லிமீற்றரின் நானூறில் ஒரு பங்கு ஆழம் போவதற்குள் அலை மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். பூச்சின் தடிப்பு மட்டுமே அதைப் போலச் சில மடங்கு. ஆக, நாலு பக்கமும் தகரம் அடித்த கொட்டிலுக்குள் வைஃபை வருகிறது என்றால் அது கதவாலும் கூரைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட நீக்கலாலும் வருவது. காசு கொடுத்து, சிக்னலை நீட்டித் தரும் எக்ஸ்டெண்டர் வாங்கும் முன் ரவுட்டரைப் பார்த்த பக்கம் ஒரு யன்னல் வெட்ட முடியுமா என்று யோசிப்பது என் கண்ணில் முதல் வேலை. சிக்கலின் பாதி அதிலேயே தீர்ந்த வீடுகள் இருக்கும்.

தடையில்லாவிட்டால் இதே வைஃபை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2000களின் நடுப்பகுதியில் தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றியுள்ள சிற்றூர்களின் கண் சிகிச்சை மையங்களையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எரிக் புரூவர் தலைமையிலான குழுவினர், வைஃபையாலேயே இணைத்தார்கள். கம்பத்தின் உச்சியில் ஒரே திசை நோக்கிய அன்ரெனா, நடுவே மறைப்பில்லாத நேர்பார்வை, உள்ளே வீட்டு ரவுட்டரில் இருப்பதைப் போன்ற மலிவான வானொலிச் சில்லு. கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார். அவர்கள் எதிர்கொண்ட தடைகளில் ஒன்று சுவையானது. வைஃபையில் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் 'கிடைத்தது' என்ற பதில் வர வேண்டும். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் அனுப்பியவர் தொலைந்துபோனதாக எண்ணித் திரும்ப அனுப்புவார். 15 கிலோமீற்றர் போய் வர ஒளிக்கே நூறு மைக்ரோ செக்கன் ஆகும். வீட்டுக்குள் இயங்கவென்று எழுதிய விதிகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆகவே விதிகளை மாற்றி எழுதினார்கள். 2007இல் அந்த வேலை ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அதே ஆண்டு வெனிசுவேலாவில் எர்மானோ பியெத்ரோசெமோலி என்பவர் இரண்டு மலைகளுக்கிடையே 382 கிலோமீற்றருக்கு வைஃபை இணைப்பைக் கொண்டுபோய்க் காட்டினார். தேனிக் குழு பிற்பாடு எழுதியவற்றில் என்னை அதிகம் தொட்டது மின்சாரத்தைப் பற்றியது: கருவிகளைக் கொன்றதில் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய பங்கு இருந்தது. கறண்ட் போய் வரும் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி எக்ஸ்டெண்டர். உள்ளங்கையளவுக் கருவி, சுவர்ப் பிளக்கில் நேரே சொருகுவது. ரவுட்டர் சொல்வதைக் கேட்டு, அதையே தன் வலுவில் திரும்பச் சொல்கிறது. போன் சொல்வதை ரவுட்டரிடம் கொண்டுபோகிறது. அது இணையத்தை உண்டாக்குவதில்லை. சிக்னல் செத்த இடத்தில் அதை மாட்டினால் செத்த சிக்னலையே முழுக் கோட்டோடு காட்டும். 'கோடு எல்லாம் நிறைய இருக்கு, ஆனா ஒண்டும் வேலை செய்யேல்லை' என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். போனில் தெரியும் கோடு எக்ஸ்டெண்டருக்கும் போனுக்கும் இடைப்பட்டது; ரவுட்டருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையில் என்ன நிலை என்பதை அது சொல்லாது. சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் கடைசி இடம்தான் அதற்குரிய இடம். ரவுட்டருக்கும் கொட்டிலுக்கும் பாதி வழியில், முன்பு சொன்ன டெசிபல் அளவில் 65 அல்லது 70ஐத் தாண்டி இறங்காத இடத்தில், வளவைப் பார்த்த சுவரில். இன்னொன்று: ஒரே அலைவரிசையில் கேட்பதும் சொல்வதுமாக இருக்கும் எக்ஸ்டெண்டரால் இரண்டையும் ஒரே கணத்தில் செய்ய முடியாது. அதனால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். ரவுட்டரோடு 5 கிகாஹேர்ட்ஸிலும் போன்களோடு 2.4இலும் பேசும் இரட்டை அலைவரிசைக் கருவியில் இந்த இழப்புக் குறைவு. ஆனால் 5 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரில் இன்னும் அதிகமாகத் தேய்வது.

இதுவரை சொன்னது அலையின் கதை. பலரும் இதோடு முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் தலையிடி தொடங்குகிறது, ஏனென்றால் ரவுட்டரில் ஏற்கெனவே கட்டுப்பாடுகள் போட்டிருப்பார்கள். போடாமலும் முடியாது. மாதத்துக்கு இத்தனை ஜீபி என்று வாங்கிய டேட்டா பத்தாம் திகதியே தீர்ந்தால் குடும்பத்துக்கு அது காசு. பிள்ளை இரவு பதினொரு மணிக்கு மேல் யூரியூப் பார்க்கக் கூடாது என்று தாய் நினைப்பார். 'அன்ரி, வைஃபை பாஸ்வேர்ட் தாங்கோ' என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து நின்றால் இல்லை என்று சொல்ல மனம் வராது. கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது என்றும் தெரியாது. இந்த மூன்றுக்கும் ரவுட்டர் தரும் விடை ஒரு பட்டியல். இன்ன கருவிகள் வரலாம், மற்றவை கூடாது. அல்லது இன்ன கருவி இன்ன நேரம் மட்டும்.

பட்டியல் கருவிகளை அடையாளம் காண்பது மேக் முகவரியால். வைஃபை உள்ள ஒவ்வொரு கருவிக்கும் 48 பிற் நீளமான ஓர் எண், பன்னிரண்டு இலக்கமாக எழுதுவது. முதல் ஆறு இலக்கம் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும், கடைசி ஆறு அந்தத் தனிக் கருவியை. ரவுட்டர் போனைத் தெரிந்துகொள்வது இந்த எண்ணால் மட்டுமே. அதைக் கையில் வைத்திருப்பவர் யார் என்பது அதற்குத் தெரியாது.

எக்ஸ்டெண்டர் நடுவே வந்ததும் இந்த அடையாளம் குழம்பிவிடுகிறது. சாதாரண வைஃபையின் விதிப்படி, ரவுட்டரோடு இணைந்திருக்கும் கருவி தன் பெயரில்தான் அதனிடம் பேசலாம்; இன்னொருவருடைய பெயரில் பேச முடியாது. எனவே எக்ஸ்டெண்டர் தன் பின்னாலிருக்கும் நாலு போன்களின் தகவலையும் தன் சொந்த மேக் முகவரியைப் போட்டே அனுப்புகிறது. முன்பு நம் ஊர்களில் உள்ளொழுங்கையிலுள்ள வீடுகளுக்கு வரும் கடிதங்கள் சந்திக் கடையின் பொறுப்பில் வந்து சேர்ந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். தபாற்காரருக்குக் கடையைத் தெரியும். கடைக்குப் பின்னால் எத்தனை வீடு, அதில் யார் யார் என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். பதில் வரும்போது எது எந்தப் போனுக்கு உரியது என்பதை எக்ஸ்டெண்டர், வலையில் ஒவ்வொரு கருவிக்கும் வழங்கப்படும் ஐபி எண்களைத் தன் நினைவில் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. வேறு சில எக்ஸ்டெண்டர்கள் இன்னொரு வழியைப் பிடிக்கின்றன: பின்னாலிருக்கும் ஒவ்வொரு போனுக்கும் புதிதாக ஒரு முகவரியைப் புனைந்து, கடைசி ஆறு இலக்கத்தை அப்படியே விட்டு, முன்பாதியை மாற்றி ரவுட்டரிடம் காட்டுகின்றன.

விளைவு வீட்டில் இப்படித் தெரியும். அனுமதிப் பட்டியல் போட்டிருந்த வீட்டில் பிள்ளையின் போன் எக்ஸ்டெண்டரில் இணைந்துவிட்டது என்று காட்டும், ஆனால் இணையம் வராது. அது ரவுட்டரிடம் புது முகமாய்ப் போய் நிற்கிறது. தடைப் பட்டியல் போட்டிருந்த வீட்டில் நேர்மாறு: இரவு பதினொரு மணிக்கு நிறுத்தப்பட்ட போன், கொட்டில் பக்கம் நடந்து எக்ஸ்டெண்டரைப் பிடித்ததும் திரும்ப உயிர்பெறும். சரி, எக்ஸ்டெண்டரின் முகவரியையே தடுத்துவிடுவோம் என்றால், அதன் பின்னாலிருக்கும் அம்மம்மாவின் வெளிநாட்டுக் கோலும் சேர்ந்து அறும். இன்னும் குழப்பமாக, ரவுட்டரின் ஐபி வழங்கும் பட்டியலில் போனின் உண்மை முகவரி சில வேளை சரியாகவே தெரியும். ஐபி கேட்டு எழுதும் விண்ணப்பத்தின் உள்ளே போன் தன் முகவரியை எழுதியிருப்பதால் அப்படி. வாசலில் நிற்கும் வடிகட்டி பார்ப்பது உறையின் மேல் எழுதிய முகவரியை. ஒரே ரவுட்டர், இரண்டு பக்கங்களில் இரண்டு பெயர்.

ஆகவே வேலையின் ஒழுங்கு முக்கியம். முதலில் கட்டுப்பாடுகளை எல்லாம் நிறுத்துங்கள். எக்ஸ்டெண்டரை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே சொருகி இணைத்து, பிறகு அதன் இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஐபி வழங்கும் வேலையை ரவுட்டர் மட்டுமே செய்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வழங்கினால் பின்னால் வரும் சிக்கலை அவிழ்க்கவே முடியாது. அதன்பின் வீட்டிலுள்ள ஒவ்வொரு போனையும் எக்ஸ்டெண்டர் வழியாக ஒரு தடவை இணைத்து, ரவுட்டரின் பக்கத்தில் அப்போது என்ன முகவரி தெரிகிறது என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். உண்மை முகவரி, எக்ஸ்டெண்டரின் முகவரி, புனைந்த முகவரி எல்லாவற்றையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் கட்டுப்பாட்டைத் திரும்பப் போடலாம். எல்லாப் போன்களும் ஒரே முகவரியில் தெரிகின்றன என்றால், ஆள் ஆளாகப் பிரிக்கும் வேலையை ரவுட்டரால் இனிச் செய்ய முடியாது. எக்ஸ்டெண்டருக்கே அப்படியொரு பட்டியல் இருந்தால் அங்கே போட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் போனிலேயே நேரக் கட்டுப்பாடு வைக்கலாம், அது வைஃபையை நம்பியிருப்பதில்லை.

போன்களும் தம் பங்குக்கு முகவரியை மறைக்கின்றன. 2019இல் வந்த அண்ட்ரொய்ட் 10இலிருந்தும் 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலிருந்தும், ஒவ்வொரு வைஃபைக்கும் எழுந்தமானமாக ஒரு முகவரியைப் போன் தானே செய்துகொள்கிறது. கடை கடையாக, ஊர் ஊராக ஆளைப் பின்தொடர்வதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு இது. அப்படிச் செய்த முகவரியைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: இரண்டாவது இலக்கம் 2, 6 அல்லது ஆங்கில எழுத்தான ஏ, ஈ என்று இருக்கும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த ஏற்பாட்டைப் போனின் அமைப்பில் நிறுத்தினால் பட்டியல் நிலைத்து நிற்கும். வெளியே அதை நிறுத்த வேண்டாம்.

இவ்வளவு பாடுபட்டும் மேக் பட்டியல் ஒரு பூட்டு ஆகிவிடாது. வைஃபையில் உள்ளடக்கம் மறைகுறியாகப் போனாலும் முகவரிகள் வெளிப்படையாகவே போகின்றன. பக்கத்தில் இருந்து கேட்பவர் அனுமதி பெற்ற ஒரு முகவரியைப் பார்த்துத் தன் கணினிக்குச் சூட்டிக்கொள்ளலாம். வீட்டுக்குள் ஒழுங்கு வைக்க அந்தப் பட்டியல் போதும். வேற்றாளைத் தடுப்பது பாஸ்வேர்ட். இங்கே ஒரு பழக்கத்தைக் கைவிடச் சொல்லி மன்றாட வேண்டியிருக்கிறது: தொலைபேசி இலக்கத்தைப் பாஸ்வேர்டாக வைப்பது. இலங்கையின் கைபேசி இலக்கம் பத்து. முதல் இரண்டும் எப்போதும் 07. மிஞ்சிய எட்டுக்கு அதிகபட்சம் பத்துக் கோடி சேர்க்கை. டபிள்யூபிஏ2 எனும் வைஃபைப் பாதுகாப்பு முறையில் போன் ரவுட்டரோடு கைகுலுக்கும் கணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், பிறகு ஆறுதலாக வேறிடத்தில் இருந்து பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கலாம். நல்லதொரு கிராஃபிக்ஸ் அட்டை செக்கனுக்குச் சில இலட்சம் ஊகங்களைச் சோதிக்கும். பத்துக் கோடி என்பது சில நிமிட வேலை. தொடர்பில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் அந்தக் கணக்கு ஆயுட்காலத்துக்கு அப்பால் போய்விடும். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை அடைத்தது, ஆனால் மலிவான எக்ஸ்டெண்டர்கள் பல அதை அறியாதவை.

எக்ஸ்டெண்டரை இணைக்க ரவுட்டரில் ஒரு பொத்தானை அமத்தச் சொல்வார்கள். டபிள்யூபிஎஸ் எனப்படும் அந்த வசதி இரண்டு நிமிடம் மட்டும் திறந்திருக்கும், அதில் பெரிய ஆபத்தில்லை. அதே வசதியின் இன்னொரு வடிவம் எட்டு இலக்கப் பின் எண். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் வீபெக் என்ற ஆய்வாளர் அதிலுள்ள பிழையை வெளியிட்டார். எட்டையும் ஒன்றாகச் சோதிக்காமல் முதல் நாலு சரியா, அடுத்த பாதி சரியா என்று ரவுட்டர் தனித்தனியே சொல்லிவிடுகிறது. கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணித்து வருவது. பத்துக் கோடியாக இருக்க வேண்டிய ஊகம் பதினோராயிரத்துக்குள் முடிந்தது. இணைத்து முடிந்ததும் ரவுட்டரில் பின் முறையை நிறுத்திவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். எக்ஸ்டெண்டர் தன் பின்னாலுள்ள போன்களை ஒரு பெயரில் ஒளித்து வைப்பது போலவே, ரவுட்டரும் வீடு முழுவதையும் ஒரே வெளி முகவரிக்குள் வைத்துத்தான் இணையத்துக்குப் போகிறது. தொலைபேசி நிறுவனத்துக்கோ அதனிடம் விசாரிக்கும் அரசுக்கோ தெரிவது அந்தச் சிம். சிம்மின் பின்னால் ஒரு தேசிய அடையாள அட்டை இலக்கம். உங்கள் வைஃபையில் வந்தவர் எழுதியது, பதிவேற்றியது, தரவிறக்கியது எல்லாம் முதலில் உங்கள் பெயரில்தான் நிற்கும். 2009 மே மாதம் போர் முடிந்த இந்த மண்ணில், யார் எங்கே இருந்தார், என்ன சொன்னார் என்று விசாரிக்கப்பட்ட அனுபவம் இல்லாத குடும்பம் அரிது. தன் பெயரில் என்ன நடக்கிறது என்பதைத் தானே அறிந்து வைத்திருக்கும் உரிமையை இங்குள்ளவர்களுக்கு யாரும் சிறிய விடயமென்று சொல்லிவிடக் கூடாது.

அதற்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. பல ரவுட்டர்களில் விருந்தினர் வலை என்று தனியாக ஒன்று உண்டு. அதற்கு வேறு பாஸ்வேர்ட், வேறு வேக எல்லை. வீட்டுக் கருவிகளை அது பார்க்க முடியாது. பரீட்சை முடிந்த பின் பாஸ்வேர்டை மாற்றினால் வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெரும்பாலான எக்ஸ்டெண்டர்கள் நீட்டுவது ஒரே ஒரு வலையைத்தான். முதன்மை வலையை நீட்டிய எக்ஸ்டெண்டரின் பாஸ்வேர்டை விருந்தினருக்குக் கொடுத்தால் அவர் முழு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டார்.

இவை அனைத்தையும் தவிர்க்கும் வழி ஒன்று இருக்கிறது, முடிந்தவர்களுக்கு நான் அதையே சொல்வேன். ரவுட்டரிலிருந்து கொட்டில் வரை ஒரு லான் வயர். நூறு மீற்றர் வரை அது தாங்கும். மணல் நிலத்தில் ஒரு முழம் கிண்டி, பீவீசீ குழாயில் போட்டுத் தாழ்ப்பது ஒரு பின்னேர வேலை. மறுமுனையில் அதே எக்ஸ்டெண்டரை, வயரில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் அக்சஸ் பொயின்ற் நிலையில் இயக்கலாம், லான் துளையுள்ள எக்ஸ்டெண்டர்களில் அந்தத் தெரிவு இருக்கும். வேகம் பாதியாவதில்லை. தகரச் சுவர் பொருட்டேயில்லை. வயர் வழியே போகும்போது ஒவ்வொரு போனும் தன் சொந்த மேக் முகவரியோடு ரவுட்டரிடம் போகிறது, எனவே வயரில் வருபவற்றையும் வடிகட்டும் ரவுட்டரில் பழைய பட்டியல் ஓர் எழுத்தும் மாறாமல் வேலை செய்யும்; வைஃபையை மட்டும் வடிகட்டும் ரவுட்டரில் செய்யாது. ஐப்பசி, கார்த்திகையில் இடிமுழக்கம் தொடங்கும்போது அந்த வயரை இரண்டு முனையிலும் கழற்றி வைக்க வேண்டும். நிலத்துக்குள் கிடந்தாலும் நீண்ட செம்பு வயரில் மின்னல் மின்னழுத்தத்தைத் தூண்டும். ஒரு முனையை மட்டும் கழற்றினால் மற்ற முனையிலுள்ள கருவி போய்விடக்கூடும்.